கட்டைகள் நின்ற நேரம்

போன மாதம் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு, மேடை பயத்தை வெல்வது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள், வெந்நீர் குடியுங்கள், கடைசி வரிசையில் இருக்கிறவரைப் பார்த்துப் பேசுங்கள் என்று முப்பது வருஷமாக விற்கிற சரக்கையே மறுபடி அவிழ்த்துவிட்டேன். முன்பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "ஒங்களுக்கு மொதல்ல பயம் எப்படிப் போச்சுங்க மேடம்?" என்று கேட்டாள். எங்கள் தமிழம்மா கொடுத்த ஊக்கம்தான் என்று வாய் கூசாமல் சொன்னேன். கை தட்டினார்கள். பொன்னாடையோடு வீட்டுக்கு வந்து அதை மடித்துக்கூட வைக்காமல் நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் வயதுக்காரர்களே, அறுபதைத் தாண்டிவிட்ட உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? பிள்ளைகளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டுங்கள். எனக்கு அது பழக்கம்தான், தினமும் நானே திட்டிக்கொள்கிறேன்.

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரை ஒட்டி முந்திரிக்காடு, காட்டை ஒட்டி முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகை. அம்மாவுக்கு அங்கே வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். வறுத்த கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்தி மரக்கட்டையால் ஒரே தட்டு. ஓங்கித் தட்டினால் உள்ளே பருப்பு நொறுங்கிவிடும், மெல்லத் தட்டினால் ஓடு பிளக்காது. ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் கை பொத்துப்போகும் என்று ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல் வைத்துத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். இருபது பெண்கள், இருபது கட்டை. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் வாய்ப்பாடு மனப்பாடம் செய்தேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. வாய் திறக்காத பிள்ளை என்று பெயர். ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் செய்தித்தாள் வாசிக்கச் சொன்னார்கள். தலைப்புச் செய்தியை மூன்று தடவை வாசித்தேன், அடுத்த வரிக்குப் போகத் தெரியவில்லை. காகிதத்தை மைக் முன்னால் போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டேன். தமிழம்மா பின்னாலேயே வந்து, "ஒன் கொரலு ஒன் காதுக்காவது கேக்குதா?" என்று கேட்டார்.

கொட்டகையில் அம்மாவுக்கு நேர் எதிர்க் கல்லில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பாள். எதிர்க்கல்லு அக்கா என்றுதான் எங்களுக்குள் பெயர். இருபத்தைந்து வயது இருக்கும். மணமேல்குடிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணம் ஆன நாலாம் மாதமே புருஷன் துபாய்க்குப் போய்விட்டான். மாமியாரும் அதே கொட்டகையில்தான், ஓரமாக உட்கார்ந்து பருப்பின் மேல்தோலை நகத்தால் உரித்துக்கொண்டிருப்பார். அவரை நாங்கள் ஆத்தா என்போம். மாமியார், மருமகள் இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது.

ஒருநாள் தபால்காரர் அக்காவிடம் ஒரு ஏர்மெயில் கொடுத்துவிட்டுப் போனார். ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட உறை, உள்ளே வெங்காயச் சருகு மாதிரி ஒரு தாள். அக்கா சாம்பல் கையோடு அதை என்னிடம் நீட்டினாள்.

"பாப்பா, வாசிச்சுக் காட்டு. அத்தைக்கும் கேக்கணும்."

எழுந்து நின்றேன். முதல் வரியைச் சொன்னேன், ஒருவருக்கும் கேட்கவில்லை. "சத்தமா வாசிடி, கொட்டையா உடைக்கிற வாயில?" என்று யாரோ சொன்னார்கள். இரண்டாம் வரியில் தொண்டையைத் திறந்தேன். மூன்றாம் வரிக்கு வரும்போது கட்டைகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் என் குரல் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே தனியாகக் கேட்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. பிற்பாடு எத்தனையோ ஊரில் எத்தனையோ மேடை ஏறிவிட்டேன், அந்தப் புல்லரிப்பைத் தேடித்தான் ஏறினேன்.

அதன்பிறகு கடிதம் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். ஆத்தா தோல் உரித்தபடியே, "எம்புள்ள காயிதம் போடலையாத்தா?" என்று தினமும் கேட்க ஆரம்பித்தார். ஒரு சாயங்காலம் அக்கா என்னை வறுக்கிற அடுப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். மடியிலிருந்து அதே பழைய தாளை எடுத்தாள்.

"இத வாசி பாப்பா. ஆனா புதுசா வந்த மாதிரி வாசி."

"இதுல இருக்கறத ஏற்கெனவே வாசிச்சாச்சேக்கா."

"இருக்கறத வாசிக்காத. நீயா எதாச்சும் சொல்லு. கெட்டிக்காரி நீ, ஒனக்கு வரும்." விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "காயிதம் நின்னுபோச்சுன்னு எங்க மச்சான் காதுக்குப் போச்சுன்னா, என் தம்பியே இல்லைன்னு ஆயிருச்சு, ஒனக்கு இங்க என்ன வேலைன்னு என்னைய மணமேல்குடிக்கு பஸ் ஏத்தி விட்டுருவாரு. அவருக்கு இந்த வீட்டு மேல ஒரு கண்ணு. அங்க போயி நான் யாரு வாசல்ல நிக்க? யாருகிட்டயும் சொல்லிறாத, என்ன?"

மச்சான் என்றது புருஷனின் அண்ணனை. கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார், கொட்டகைப் பக்கம் வரமாட்டார். அவர் மகள் என் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தேன். அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன், சொல்லவும் இல்லை. அதுவரைக்கும் நல்ல பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை துபாயிலிருந்து கடிதம் வந்தது. பழைய தாளைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நான் அளப்பேன். முதல் தடவை தட்டுத்தடுமாறினேன். மூன்றாம் தடவை தடுமாற்றம் இல்லை. கத்தினால் கட்டைச் சத்தத்தில் ஒன்றும் எடுபடாது, இரண்டு தட்டுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் சொல்லை வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். முக்கியமான இடம் வருவதற்கு முன்னால் சற்று நிறுத்தி, தாளைத் திருப்பி, ஆத்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடங்குவேன். அவ்வளவுதான், கட்டைகள் நின்றுவிடும். மணலில் முட்டை அவிகிற வெயில், எதைச் சமைத்தாலும் தேங்காய் அரைத்து ஊற்றுகிற மலையாளத்துச் சமையல்காரர், ஒட்டகம் குறுக்கே படுத்துக்கொண்டதால் வேலைக்குப் போகாத நாள் என்று எல்லாம் அந்தத் தாளிலிருந்து வந்தன. ஒட்டகத்துக்குக் கொட்டகையே சிரித்தது. நான் சிரிக்காமல் அடுத்த வரிக்குக் காத்து நின்றேன். சிரிப்பு அடங்குகிறவரை காத்திருக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தலைக்கனமும் வந்துவிட்டது. ஒருமுறை வாய் துள்ளி, "அம்மாவின் முழங்கால் வலிக்கு இங்கிருந்து தைலம் கொடுத்துவிடுகிறேன்" என்று வாசித்துவிட்டேன். ஆத்தா அழுதுவிட்டார். அப்புறம் தைலத்துக்கு எங்கே போவது? அக்கா பாவம், புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் ஒரு பாட்டில் வாங்கி, மேலே ஒட்டியிருந்த லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டுக் கொண்டுவந்தாள். ஆத்தா திறந்து மோந்து பார்த்தார்.

"நம்ம ஊரு தைலம் மாதிரியேல்ல மணக்குது."

"எல்லா ஊருலயும் தைலம் தைலந்தானே அத்தை."

"அதுவும் சரித்தான்" என்று சொல்லிவிட்டு முழங்காலில் தேய்த்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்து முறைத்தாள், அப்புறம் இரண்டு பேரும் அடுப்புக்குப் பின்னால் போய்ச் சிரித்தோம். அவள் என்னோடு சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் பின்னால் நடந்ததை எந்த வகையிலும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் நான் வேறு ஆளாகிவிட்டேன். பிரார்த்தனையில் செய்தி வாசித்தால் கடைசி வரிசை வரை கேட்டது. தமிழம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி, என்னைத்தான் அனுப்புவேன் என்று நின்றார். தலைப்பு 'உழைக்கும் மகளிர்'. மூன்று பக்கம் அவரே எழுதிக்கொடுத்தார். எங்கே கையை உயர்த்த வேண்டும், எங்கே இங்கிட்டுத் திரும்ப வேண்டும், எங்கே அங்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறித்திருந்தார். பதினைந்து நாளில் தண்ணிபட்ட பாடாக ஒப்பிப்பேன்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டகைக்கு விடுமுறை. "நம்ம புள்ள பேசறத நம்ம போய்க் கேக்க வேணாமா?" என்று அக்காதான் முதலில் கிளம்பினாள். அம்மா, அக்கா, ஆத்தா, இன்னும் நாலைந்து பேர் புடவை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். மண்டபத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்தக் கைகளில் கறுப்பு போகாது. அக்கா அந்தக் கையைத் தூக்கி எனக்குக் காட்டினாள். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன்.

எனக்குப் பதினான்காம் எண். எனக்கு முன்னால் பேசிய பதின்மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே பேச்சைத்தான் பேசினார்கள், எல்லா ஊரிலும் ஒரு தமிழம்மா இருப்பார் போல. நான் ஏறும்போது மண்டபத்தில் பாதிப் பேர் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவையோரே" என்று தொடங்கி முதல் பக்கத்தை முடித்தேன். கையை உயர்த்தினேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கட்டைகள் தட்டிக்கொண்டே இருக்கின்றன, நிற்க மாட்டேன் என்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றியது. அவற்றை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியும்.

பேசுவதை நிறுத்தினேன். வலது கையில் ஒரு தாள் இருப்பதுபோல விரித்துப் பிடித்தேன்.

"எங்கள் ஊரில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஓர் அக்காவுக்குத் துபாயிலிருந்து மாதா மாதம் கடிதம் வருகிறது" என்றேன். ஒன்றிரண்டு தலைகள் திரும்பின. "மாமியார் கேட்பார்," என்று சொல்லிவிட்டு ஆத்தாவின் குரலிலேயே, தாடை ஆட, "எம்புள்ள காயிதம் போடலையாத்தா?" என்று பேசிக் காட்டினேன். மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கக் காத்து நின்றேன். "அந்தக் கடிதம் பல மாதத்துப் பழைய தாள். கணவன் எழுதுவதே இல்லை. புதிதாக வந்ததுபோல வாசிப்பது நான். உழைக்கும் மகளிர் கையில் கறை இருக்கிறது என்கிறீர்களே, அவர்கள் கண்ணில் இருக்கும் பொய்யை யார் துடைப்பது?"

ஒரு சத்தம் இல்லை. நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மின்விசிறி சுற்றுவது கேட்டது. பெயர் சொல்லவில்லையே, ஊர் சொல்லவில்லையே என்று பேசும்போதே மனதுக்குள் ஒரு வக்கீல் எனக்காக வாதாடிக்கொண்டிருந்தான். நாலாவது வரிசைப் பக்கம் நான் திரும்பவே இல்லை. தமிழம்மாவின் சிவப்பு மை எங்கிட்டுத் திரும்பச் சொன்னதோ அங்கிட்டெல்லாம் திரும்பினேன், அங்கே மட்டும் திரும்பவில்லை.

முதல் பரிசு. பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்குவாளி. தமிழம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நான் எழுதிக் குடுத்ததவிட நீயாப் பேசுனதுதான் பேச்சு" என்றார். நல்ல மனுஷி. அது யாருடைய கதை என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வாய் திறக்காத பிள்ளை வாய் திறந்துவிட்டது என்ற சந்தோஷம் அவருக்கு.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆத்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தாள். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. ஒருவரும் ஒன்றும் பேசாதது எனக்குப் பொறுக்கவில்லை. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன், என்ன பிறவியோ நான்:

"நல்லாப் பேசுனேனாக்கா?"

அக்கா குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் பேசுன பாப்பா. எல்லாரும் கேட்டாங்கள்ல" என்றாள்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் திங்கட்கிழமை, பிரார்த்தனையில் தலைமையாசிரியர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு அதே பேச்சை மறுபடி பேசச் சொன்னார். மறந்துவிட்டது சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பழைய ஊமையாக நின்றிருக்கலாம். நான் பேசினேன். ஆத்தாவின் குரலை முந்தின நாளைவிட நன்றாகச் செய்தேன். ஆறாம் வகுப்பு வரிசையில் அந்தச் சைக்கிள் கடைக்காரர் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவள் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். குழந்தைதானே, சொல்லத்தான் செய்யும்.

அந்த வாரமே அவர் வந்தார். வாசலில் நின்று, "தம்பி காயிதம் போடுறான் போடுறான்னு ஊரை ஏமாத்திக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டது தெருவுக்கே கேட்டது. பெரிய மகனை எதிர்த்துப் பேச ஆத்தாவுக்குத் தெம்பு ஏது? வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தகரப் பெட்டியோடு அக்கா பஸ் ஸ்டாப்பில் நின்றாள். நான் பள்ளிக்கூடம் போகிற வழி அது. அன்றைக்குக் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தத் தூக்குவாளியில் கடைசிவரை தண்ணீர்கூட மொள்ளவில்லை. அதைப் பற்றி அம்மா பேசியது ஒரே ஒருதரம். அதற்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. கல்லூரியில் ஏதோ கோப்பை வாங்கிக்கொண்டு வந்து, "சின்ன வயசுலயே கொட்டகையில எல்லாரும் கட்டையப் போட்டுட்டு எம்பேச்சக் கேப்பாங்கள்லம்மா" என்று பெருமையடித்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒன் பேச்சுக்குன்னா நெனச்ச?" என்றார். "தபால்காரரு நம்ம கொட்டகை வழியாத்தானே போவாரு. யாருக்குக் காயிதம் வந்துச்சு, வரலைன்னு இருபது பேருக்கும் தெரியாதா? அதே தாளு, அதே எண்ணெக்கறை, அதே மடிப்பு. மொத மாசமே எல்லாருக்கும் தெரியும். அந்த ஆத்தாவுக்கும் தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்கல, தபால்காரரு உள்பட."

"அப்புறம் எதுக்கும்மா கட்டைய நிறுத்துனீங்க?"

"ஒருத்தி தட்டிக்கிட்டே இருந்தாலும் அவ நம்பலைன்னு ஆயிரும்ல. மாமியாளும் மருமகளும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் எப்புடிப் பாப்பாங்க? அந்தப் புள்ள அங்கன இருக்கணும்னு நிறுத்துனோம்."

கல் பொறுக்கி முடித்து முறத்தைத் தட்டிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார். எடைக்குத்தான் அவர்களுக்குக் கூலி. நான் ஒட்டகத்தையும் தேங்காயையும் அளந்துகொண்டிருந்த அத்தனை நேரமும் அந்த இருபது பேரும் கூலியை விட்டுக்கொடுத்துக் கட்டையைத் தரையில் வைத்திருந்தார்கள். அதை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷம் மேடையில் நின்றிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது.

அக்கா போன பிறகு நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்லாமலே முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

ஒரு மாதம் இருக்கும். அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தேன். எதிர்க் கல் காலியாக இருந்தது, யாரும் அங்கே உட்காரவில்லை. ஆத்தா ஓரத்தில் தோல் உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மருமகள் விட்டுப்போயிருக்கிறாள், அல்லது ஆத்தாதான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாரோ, தெரியாது. மடிப்பில் கிழிந்து இரண்டு துண்டாக ஆகியிருந்தது.

"வாசி" என்றார். "அதுல என்ன எழுதியிருக்கோ அத மட்டும் வாசி."

இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அன்புள்ள அம்மாவுக்கு, நலம். நலமறிய ஆவல். இங்கு வெயில் அதிகம். வேலை மாறப் போகிறேன். புது விலாசம் பிறகு எழுதுகிறேன். அவளை நன்றாகப் பார்த்துக்கொள்ளவும்."

அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பினேன், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அம்புட்டுத்தானா?" என்று கேட்டார்.

"அம்புட்டுத்தான் ஆத்தா."

தாளைத் திருப்பி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பருப்பை எடுத்தார். நான் நல்ல சத்தமாகத்தான் வாசித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு கட்டையும் நிற்கவில்லை.